ஆர்கன் குரல் மாறிய விவகாரம்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடினோம். கோயிலுக்குள்ளேயே, பாடகர் குழு உட்காரும் இடது பக்கத்தில், ஆர்கனைச் சுற்றி. ஐந்து பேர். பங்குத்தந்தை ஜெரின் சாமி, பீடத்துக்கு முதுகு காட்டக்கூடாது என்று நாற்காலியைச் சாய்வாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு வலப்புறம், முன்பெஞ்சின் நடுவில், ஆண் பாடகர்களுக்கெல்லாம் மூத்தவரான அல்போன்ஸ். பக்கத்தில் வேறு யாரும் உட்கார இடமில்லாதபடி கால்களை அகட்டியிருந்தார். ஆர்கன் வாசிக்கும் லினெட் அதன் ஸ்டூலிலேயே, கட்டைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆர்கனைப் பழுதுபார்த்த யாகூப் பாய்க்கும் நாற்காலி போட்டிருந்தோம். அவர் அதில் உட்காராமல் தூணோரமாகத் தன் கருவிப் பெட்டியின் மேல் குந்திக்கொண்டார். பங்குப் பேரவைச் செயலாளரான நான், இருதயமேரி, எல்லார் முகமும் தெரிகிற மாதிரி சுவரோரம். மேசை இல்லாததால் பாட்டுப் புத்தகம் வைக்கும் தாங்கியை இழுத்து வைத்துக்கொண்டேன்.

தாங்கியின் மேல் காவல் நிலையத்துக்கு நான் தட்டச்சு செய்த புகார் இருந்தது. எங்கள் கோயிலுக்குச் சொந்தமான பழைமையான மின் ஆர்கனைப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்ட யாகூப் என்பவர், அதன் உள்பாகங்களைக் கழற்றிக்கொண்டு மலிவான பாகங்களைப் பொருத்திவிட்டதாகச் சந்தேகிக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தேன். பேரவை உறுப்பினர்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சாமியின் கையெழுத்தும் பங்கின் முத்திரையும்தான் பாக்கி. உப்பளம் பகுதியில் யாகூப் பாயின் ரிப்பேர் கடை வாசலில் போலீஸ் வண்டி ஒரு தடவை நின்றால் போதும், அப்புறம் யாரும் அவரிடம் ஒரு ரேடியோவைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். முப்பத்தைந்து வருடக் கடை அதோடு முடிந்தது. இது தெரியாமல் நான் எழுதவில்லை.

திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இந்த ஊருக்கு வந்தவள் நான். மின்துறை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் புகார் மனுக்களைப் படித்துப் பதில் எழுதினேன். எந்தப் புகார் நிற்கும், எது நிற்காது என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். இது நிற்கும் என்றுதான் நினைத்தேன்.

ஆர்கனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சைகோனிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த ஒருவர் 1976இல் கோயிலுக்குக் கொடுத்தது. அங்கே அமெரிக்கப் பட்டாளத்து முகாமின் சிற்றாலயத்தில் இருந்ததாம். பார்வைக்குப் பெரிய அலுவலக மேசை மாதிரி இருக்கும்; இரண்டு வரிசைக் கட்டைகள், காலால் மிதிக்க மரச் சட்டங்கள். ஒலி வருவது தனியாக நிற்கும் ஓர் அலமாரியிலிருந்து. அதற்குள் ஒலிபெருக்கியின் வாய் சுற்றிக்கொண்டே இருப்பதால், ஓடும் மின்விசிறிக்கு முன்னால் நின்று யாரோ பாடுகிற மாதிரி சத்தம் அலையலையாக வரும். கட்டையைத் தொட்டதும் முதலில் ஒரு சின்ன ‘டிக்’. அப்புறம்தான் குரல். அந்தக் குரல் கனமாக, தாழ்வாக, பெஞ்சின் பலகை வழியாக முதுகில் ஏறும். எங்கள் பங்கில் பிறந்தவர்களுக்குப் பூசை என்றால் அந்தக் குரல்தான்.

செப்டம்பரில் அது பாதியில் கரகரத்து நின்றுபோனது. யாகூப் பாய் மூன்று வாரம் கோயிலுக்கே வந்து வேலை பார்த்தார், சுற்றிலும் ஒரு பழைய திரைச்சீலையைக் கட்டிக்கொண்டு. நான் எட்டிப் பார்த்தபோது, “தூசி பறக்குதுக்கா, போங்க, உங்களுக்கு ஆவாது” என்றார். அதை அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பாட்டு. லினெட் தொடங்கியதுமே எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குரல் மேலே போயிருந்தது. பளிச்சென்று, மெல்லியதாக, சின்ன வயதுக் குரலாக. மூன்றாவது அடியில் பாட்டு உச்சிக்கு ஏறும்போது ஆண்கள் பக்கம் மொத்தமாக நின்றுவிட்டது. அல்போன்ஸ் வாயைத் திறந்தபடி நின்றார். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. கல்யாணம் ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் பாடுகிறவர். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

பூசை முடிந்ததும் நான் ஆர்கனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இத்தனை வருடமாக அங்கே கிடந்த இரும்பு டிரான்ஸ்பார்மரைக் காணோம். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது. அது இருந்த இடத்தில் ஒரு தகரப் பெட்டி, சின்ன விசிறியோடு. போதாததற்குப் பழைய சாமான் கடை கிளாட்வினோடு யாகூப் பாய் டீக்கடையில் நின்று பேசியதை நானே பார்த்தேன். கிளாட்வின் மே மாதம்தான் இந்த ஆர்கனை விலைக்குக் கேட்டு சாமியிடம் வந்து போயிருந்தான். இதற்குமேல் என்ன வேண்டும்?

கூட்டத்தை சாமி சின்ன ஜெபத்தோடு தொடங்கினார். அது முடிவதற்குள் அல்போன்ஸ் தொடங்கிவிட்டார்.

“இன்னா பாய், எங்க ஆர்கன எங்க வித்த?”

“அல்போன்ஸ் அண்ணே, ஒங்க ஊட்டு டிவிய இருவது வருசமா நான்தான் பாக்கறேன். அத வித்தனா?”

“அத எவன் வாங்குவான்?”

சாமி சிரிப்பை அடக்க இருமினார். நான் சிரிக்கவில்லை. வரிசையாகக் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன்.

“கிளாட்வினோட என்ன பேசினீங்க?” என்றேன்.

“அவரு வூட்ல பழைய ரேடியோ ஒண்ணு கீது. வால்வு கெடைக்குமான்னு கேட்டாரு. ஆர்கனப் பத்தியும் கேட்டாருதான். கோயில் சொத்து, என்கிட்ட கேக்காதீங்கன்னேன்.”

“சாட்சி?”

“டீ ஆத்தினவரு.”

“டிரான்ஸ்பார்மர் எங்கே?”

அவர் முதலில் லினெட்டைப் பார்த்தார். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கடையில பத்திரமா கீதுக்கா” என்றார் பிறகு.

லினெட்டைப் பார்த்தார் என்று தாளில் குறித்தேன். குரல் ஏன் மாறியது என்று சாமி கேட்டபோதும் அதே பார்வை. “நல்லா ஓடுது சாமி, அதான்” என்று மழுப்பினார். அப்போது எனக்குத் தோன்றியதை மறைக்க வேண்டியதில்லை. இதில் இந்தப் பெண்ணுக்கும் பங்கு இருக்கிறது, இருவரும் சேர்ந்துதான் எதையோ விற்றிருக்கிறார்கள் என்று நினைத்தேன். புகாரில் இன்னொரு பெயரைச் சேர்க்க இரண்டாவது பத்தியில் இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

“பின்பக்கத்தைத் திறந்து காட்டுங்க” என்றேன்.

யாகூப் பாய் எழுந்து பலகையைக் கழற்றினார். உள்ளே நீளமான எஃகுப் பெட்டி ஒன்று, அதன் மேல் எண்ணெய் ஊற்றும் சின்னக் குழிகள், ஓரத்தில் மோட்டார். எல்லாம் பழசாகத்தான் தெரிந்தது.

“இதுக்குள்ள தொண்ணூத்தொரு சக்கரம் கீது சாமி” என்று பெட்டியைத் தட்டினார். “காசு மாதிரி சின்னச் சின்னதா, ஓரத்துல பல்லு வெச்சது. மோட்டாரு சுத்தினா அத்தினியும் சுத்தும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிர்ல ஒரு காந்தம், அதுல கம்பி சுத்தியிருக்கும். பல்லு அதத் தாண்டிப் போவும்போது கம்பியில கரண்டு ஏறி எறங்கும். அதுதான் சத்தம். கொழாயும் கெடையாது, காத்தும் கெடையாது.”

“டப்பா பழசுதான்யா” என்றார் அல்போன்ஸ். “உள்ள சக்கரம் வெச்சிருக்கியா, சைனா போர்டு வெச்சிருக்கியா, யாரு கண்டா? தொறந்து காட்டு.”

“இதத் தொறந்தா திருப்பி மூட்றதுக்கு ஆறு மாசம் ஆவும். கிறிஸ்மஸ்சுக்கு நீங்க கைத்தாளம்தான் போடணும்.”

“பாத்தீங்களா சாமி? தொறக்க மாட்டேன்றான்.”

சாமி என்னைப் பார்த்தார். நான் புகாரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். கையெழுத்து விழ இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்திருக்கும். யாகூப் பாய் அந்தப் பேனாவையே பார்த்தார். பிறகு லினெட்டிடம் திரும்பினார்.

“பாப்பா, போட்டு வுடு.”

ஆர்கனுக்கு இரண்டு சுவிட்சு. லினெட் முதல் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எட்டு வரை எண்ணினாள். உள்ளே எதுவோ மெதுவாகச் சுழன்று வேகம் பிடிக்கும் ஓசை கேட்டது. அதைப் பிடித்தபடியே இரண்டாவதையும் போட்டாள். உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். காணிக்கைப் பாட்டின் முதல் ஒலியை அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். ‘டிக்’. அந்தப் புதுக் குரல் கோயிலை நிறைத்தது.

“கைய எடுக்காத” என்று சொல்லிவிட்டு யாகூப் பாய் சுவிட்சை அணைத்தார்.

சத்தம் உடனே நிற்கவில்லை. சரியத் தொடங்கியது. மேலேயிருந்து வழுக்கிக்கொண்டு, கனமாகிக்கொண்டே கீழே, இன்னும் கீழே. சரிவின் நடுவில் ஒரு நொடி, ஒரே நொடி, எங்கள் பழைய ஆர்கன் கேட்டது.

“தோ!” அல்போன்ஸ் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். “தோ, தோ, அதான்! அதான்யா நம்முளுது!”

அதற்குள் அது இன்னும் தாழ்ந்து, முனகி, அடங்கிப்போயிருந்தது.

“போர்டா இருந்தா சுவிட்ச அணைச்சதும் பட்டுனு செத்துரும்” என்றார் யாகூப் பாய். “சக்கரம்தான் இப்பிடி மெதுவா நிக்கும். வேகம் கொறையக் கொறைய சத்தமும் எறங்கும். நம்பலன்னா இன்னொரு தபா போடறேன்.”

இன்னொரு தடவை போட்டார்கள். நான் சுவிட்சுப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், கையில் வேறெதையாவது திருகுகிறாரா என்று பார்க்க. ஒன்றையும் திருகவில்லை. மறுபடியும் அதே சரிவு, நடுவில் அதே ஒரு நொடி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் சிலிர்ப்பெல்லாம் ஆதாரம் ஆகாது.

“அப்போ குரல் ஏன் ஏறிச்சு?” என்றேன்.

“மோட்டார்ல பித்தளைத் தகடு கீது, படிங்கக்கா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். டார்ச் வெளிச்சத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. 115 வோல்ட். அதற்குப் பக்கத்தில் 60.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அதுதான் வெட்கம். நம் ஊர்க் கரண்ட் ஒரு நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கும். அமெரிக்காவில் அறுபது. எங்கள் துறை மாட்டிய ஒவ்வொரு மீட்டரிலும் ஐம்பது என்று அச்சிட்டிருக்கும். முப்பத்தொரு வருடம் அந்த எண்ணை எழுதியவள் நான்.

“இந்த மோட்டாரு வோல்டேஜப் பாத்து ஓடாது சாமி, துடிப்பப் பாத்து ஓடும்” என்று யாகூப் பாய் விளக்கினார். “அந்தக் காலத்துல வோல்டேஜக் கொறைக்கணும்னு டிரான்ஸ்பார்மர் வெச்சாங்க. துடிப்ப யாரும் பாக்கல. அறுவதுல ஓட வேண்டியது அம்பதுல ஓடிச்சு. ஆறுல ஒரு பங்கு மெதுவு. மூணு கட்டை தாழ. நான் வெச்ச தகரப் பெட்டி கரண்ட அறுவதா மாத்திக் குடுக்குது. அவ்ளோதான் நான் செஞ்சது. அதோட ஒரு கிண்ணம் எண்ணெய்.”

“நாப்பத்தொம்போது வருசமா?” என்றார் சாமி.

“நாப்பத்தொம்போது வருசமா.”

அல்போன்ஸ் மெதுவாக உட்கார்ந்தார். “அப்ப நாங்க பாடினதெல்லாம் தப்பா?”

“தப்பில்லண்ணே. தாழ.”

என் கேள்விகள் இன்னும் முடியவில்லை. எனக்கு யாகூப் பாயைத் தெரியும். எங்கள் மின்துறை அலுவலகத்து மைக்கில் ஒரு ஒயரை மாற்றுவதற்கே எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டவர். தானாக ஒரு பெட்டியை வைக்கிற ஆள் இல்லை.

“இதை யார் செய்யச் சொன்னது?”

மறுபடியும் அந்தப் பார்வை. “நானாத்தான் செஞ்சேன்” என்றார்.

“பொய்” என்றேன்.

“நான்தான் ஆன்ட்டி சொன்னேன்.” லினெட் எழுந்து நின்றாள். “சேர்ந்த அன்னிக்கே தெரிஞ்சிது, மூணு கட்டை கம்மின்னு. பொண்ணுங்களால அவ்ளோ கீழ பாட முடியல. பதினோரு பேரு இருந்தாங்க, இப்ப நாலு பேரு. கேட்டா தொண்டை சரியில்லன்றாங்க. தொண்டைலாம் நல்லாத்தான் இருக்குது.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே” என்றார் சாமி.

“கேட்டா பேரவையில வெப்பீங்க சாமி. அங்க அல்போன்ஸ் அங்கிள் வேணாம்பாரு.”

“வேணாம்னுதான் சொல்லுவேன்!” என்றார் அல்போன்ஸ். “மூணு கட்டை ஏத்திட்டா எங்களுக்கு நீயா தொண்டை வாங்கிக் குடுப்ப?”

“பாப்பாகிட்ட நீயே சொல்லிடுன்னுதான் சொன்னேன்” என்றார் யாகூப் பாய். “அது பயந்துச்சு. அது வாயத் தொறக்கறதுக்கு முந்தி நான் சொன்னா நல்லாருக்காதுல்ல.”

பேனாவைக் கையில் வைத்திருந்தேன், எழுதவில்லை. பதினேழு வயதில் இந்த ஊருக்கு வந்ததும் நானும் பாடகர் குழுவில் சேரப் போனேன். அப்போது ஆர்கன் வாசித்த அந்துவான் மாஸ்டர் இரண்டு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டார். “ஒனக்குக் கீழ்க் குரல் இல்லம்மா, பெஞ்சுக்குப் போ” என்றார். போனேன். இன்றுவரை பூசையில் வாயை மட்டும் அசைக்கிறேன். ஆர்கனால்தானா அது? உண்மையிலேயே குரல் இல்லாமலும் இருந்திருக்கலாம். சட்டென்று நம்பிவிட எனக்குப் பழக்கம் இல்லை.

யாகூப் பாய் கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டினார்.

“சாமி, புகாரு குடுக்கறீங்களா இல்லையா, ஒண்ணு சொல்லிடுங்க. எனக்கு ஏற்கெனவே அடி வுழுந்தாச்சு. பள்ளிவாசல் மைக் செட்டு பதினெட்டு வருசமா என்கிட்டதான் இருந்துது. போன வெள்ளிக்கிழமை எடுத்துட்டாங்க. கோயில் சாமான்ல கைய வெச்சவனாம் நான். யாரோ சொன்னாங்களாம்.”

“ஐயோ, நான் இல்ல” என்றார் அல்போன்ஸ் பதறிப்போய். “ஒன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்யா, பின்னால சொல்ல மாட்டேன்.”

சாமி ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது தாளில் எதையோ திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த யாரோ நான்தான். அதற்கு முந்தின புதன்கிழமை, மீன் வாங்கப் போன இடத்தில் கனீஸ் பாத்திமாவைப் பார்த்தேன். அவள் கணவர் ஹாதி பள்ளிவாசல் ஜமாத்தின் செயலாளர். “ஒங்க மைக் செட்டு யாகூப் பாய்கிட்டதான? பாத்து வாங்குங்கடி, உள்ள எல்லாம் இருக்குதான்னு” என்றேன். வஞ்சிரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இரண்டு வாக்கியம். அதில் இன்னும் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை என்ற வார்த்தை இல்லை. புகாரில்கூட ‘சந்தேகிக்கிறோம்’ என்று எழுதத் தெரிந்தவள் நான்.

சாமி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். புகாரை மடித்து என்னிடமே நீட்டினார். “இத நீங்களே வெச்சுக்குங்க. எந்த உயரத்துல பாடறதுன்னு பேரவையில பேசுவோம். பாய், மன்னிச்சுக்குங்க.” யாகூப் பாய் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அல்போன்ஸ் லினெட்டிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறினார்.

வீட்டுக்கு வந்து புகாரைக் கிழித்தேன். பிறகு வெள்ளைத் தாளை எடுத்து ஜமாத் செயலாளருக்கு எழுத உட்கார்ந்தேன். ‘திரு. யாகூப் அவர்களைப் பற்றிச் சில தவறான தகவல்கள் பரவியதாகத் தெரியவருகிறது’ என்று தொடங்கினேன். நான்கு வரி ஓடியது. படித்துப் பார்த்தால், தகவல் தானாகவே கால் முளைத்துப் பரவியதுபோல இருந்தது. அலுவலகத்தில் இப்படி எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். யார் செய்தது என்று கடைசிவரை தெரியாது. அதையும் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை இப்படி வந்தது:

‘ஐயா, யாகூப் அவர்கள் எங்கள் கோயில் ஆர்கனில் கைவைத்தார் என்று உங்கள் வீட்டாரிடம் சொன்னவள் நான். என்னிடம் அதற்கு ஆதாரம் இல்லை. சனிக்கிழமை பங்குத்தந்தை முன்னிலையில் ஆர்கனை நேரில் சோதித்துப் பார்த்தோம். எல்லாப் பாகமும் உள்ளே இருக்கிறது. அதில் நாற்பத்தொன்பது வருடமாக இருந்த குறையை அவர் சரிசெய்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டு அவரிடமிருந்து மைக் செட்டை எடுத்திருந்தால் அந்தத் தவறு என்னுடையது. இதை உங்கள் கூட்டத்தில் என் பெயரோடு படிக்கலாம்.’

‘உங்கள் வீட்டார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன், கனீஸ் பாத்திமாவின் பெயரை எழுதவில்லை. கீழே முழுப் பெயர், முகவரி, பேரவைச் செயலாளர் என்ற பதவி, கைபேசி எண். நகல் ஒன்று யாகூப் பாய்க்கு, ஒன்று சாமிக்கு. பேரவையில் இதைப் படித்தால் செயலாளர் வேலை எனக்கு இருக்காது என்று தெரியும். பதவியை எழுதிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அடிக்காமல் விட்டேன்.

பள்ளிவாசல் மூன்று தெரு தள்ளித்தான். நடந்தே போய்க் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஹாதி உட்காரச் சொல்வார், கனீஸ் பாத்திமா டீ கொண்டுவருவாள், “பரவால்லக்கா, வுடுங்க” என்பார்கள், நானும் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தபால் நிலையத்துக்குப் போனேன். பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஒப்புகை வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்த அமிர்தவல்லி முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னாக்கா, இங்க இருக்கற பள்ளிவாசலுக்கா? கல்லு வுட்டா வுழுவுற தூரம்.”

“ஆமா.”

“உள்ள இன்னா?”

“லெட்டர்தான்.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கவுண்டரில் இருந்த பசைக் கிண்ணத்தை இழுத்து, உறையின் வாயில் தடவி, கட்டைவிரலால் ஓரத்தில் இரண்டு தரம் தேய்த்து ஒட்டினேன். அவள் பார்கோடு ஒட்டி, முத்திரையை அடித்து, பின்னால் திரும்பிப் பார்க்காமலே சாக்குக்குள் எறிந்தாள்.